சலங்கை கட்டிய பிறகு சபைக் கூச்சம் ஏன்?

"வீட்டில் கூடமே அதிர ஆடுகிறாள். டீச்சர் முன்னால் ஆடும்போதும் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேடை ஏறினால் மட்டும் முகம் வெளிறிப் போய், தரையைப் பார்த்துக்கொண்டே ஆடிவிட்டு ஓடி வந்துவிடுகிறாள். என்னதான் செய்வது?"

பரதநாட்டியம் கற்கும் பெண்ணைப் பெற்ற தாய்மார்கள் பலருக்கு இந்தக் கவலை உண்டு. 'தைரியம் என்பது பிறவியிலேயே வர வேண்டும். இவளுக்கு அது இல்லை' என்று முடிவு கட்டி, இரண்டு மூன்று வருஷம் ஆசையாகக் கற்ற நாட்டியத்தை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சற்றுப் பொறுங்கள்! தட்டடவையும் நாட்டடவையும் எப்படி முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று படிப்படியாகப் பழகினாளோ, மேடையையும் அப்படியே பழக வேண்டும். அடவைச் சொல்லிக் கொடுப்பது டீச்சரின் வேலை. மேடைப் பழக்கத்தில் பாதி வீட்டில்தான் நடக்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது.

படபடப்பு நல்லதுக்குத்தான்

மேடை ஏறும் முன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை சில்லிடுகிறது, நாக்கு உலர்கிறது. இதற்குக் காரணம் உடம்பில் சுரக்கும் அட்ரினலின். ஓடவோ, போராடவோ வேண்டிய சமயத்தில் உடம்பைத் தயார் செய்கிற சுரப்பு இது. பல வருஷம் ஆடிய கலைஞர்களுக்கும் இது வருகிறது. அவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். குழந்தைக்கு அது புதிது. 'எனக்கு என்னமோ ஆகிறது' என்று பயந்துவிடுகிறாள். அந்தப் பயம் படபடப்பை இன்னும் கூட்டுகிறது.

ஆகவே முன்னாலேயே சொல்லி வையுங்கள். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும் கண்ணு. அடிக்கட்டும். உடம்பு ஆடறதுக்கு ரெடியாகுதுன்னு அர்த்தம். ஆட ஆரம்பிச்சா தானா அடங்கிடும்." இதை ஒரு முறை அவளே அனுபவித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மூச்சையும் பழக்கலாம். நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும். தினமும் சாதகம் ஆரம்பிக்கும் முன் பத்து முறை செய்து வந்தால், மேடையின் பக்கத்தில் காத்து நிற்கும்போது தானாகவே கைகொடுக்கும்.

மார்க்கத்தில் ஒளிந்திருக்கும் மருந்து

நம் பெரியவர்கள் இந்தக் கூச்சத்தை அறியாதவர்கள் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரண்மனையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் வகுத்த வரிசையைத்தான் இன்றும் மார்க்கம் என்று ஆடுகிறோம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்பது அந்த வரிசை.

முதலில் வரும் அலாரிப்பைக் கவனியுங்கள். அதில் கதை இல்லை, பாவம் இல்லை. கண், கழுத்து, தோள் என்று ஒவ்வோர் அங்கமாக மெல்லத் திறந்து, பிறகுதான் உடம்பு முழுவதும் அசைகிறது. நாலைந்து நிமிஷம் தாளம் ஒன்றே துணை. அதற்குள் தசை இளகிவிடும்; மூச்சு சீராகிவிடும்; மேடையின் நீள அகலம் காலுக்குப் பழகிவிடும். அதற்கப்புறம் ஜதிஸ்வரத்தில் ஸ்வரம் சேருகிறது. சப்தத்தில்தான் சாகித்தியமும் அபிநயமும் தலை காட்டுகின்றன. அரை மணி, முக்கால் மணி பிடிக்கும் வர்ணம் வருவது இத்தனைக்கும் பிறகு! நாட்டிய மேதை பாலசரஸ்வதி 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, இந்த வரிசையைக் கோயிலுக்குள் போவதோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாசல். அங்கிருந்து ஒவ்வொரு மண்டபமாகக் கடந்து கர்ப்பக்கிருகத்துக்குப் போகிறோம்.

பள்ளி ஆண்டு விழாவில் 'ஒரே ஒரு ஐட்டம்தான்' என்பார்கள். அப்போது போன மாதம் கற்ற கஷ்டமான பதத்தை ஆடச் சொல்லாதீர்கள். ஒரு வருஷமாவது ஆடித் தேய்ந்த உருப்படியாக, தாளக்கட்டோடு தொடங்குவதாக ஒன்றைத் தரும்படி டீச்சரைக் கேளுங்கள். மேடைக்குப் பின்னால் பத்து நிமிஷம் தட்டி, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு போகட்டும்.

வீட்டிலேயே ஒரு சபை

முதல் சபை நீங்களும் பாட்டியும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மாமி. பிறகு அவள் தோழிகள் நாலு பேர். நவராத்திரி வந்தால் கொலுவுக்கு வருகிறவர்கள் முன்னால் ஒரு சின்ன உருப்படி. அப்புறம் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில், பள்ளிக்கூடம், சபா. சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்து வரும் நாட்டியாஞ்சலி போன்ற விழாக்களில் தோழிகளோடு சேர்ந்து ஆடுவதும் நல்ல பழக்கம். பக்கத்தில் ஒருத்தி ஆடுகிறாள் என்பதே ஒரு தெம்பு.

சாதகத்தில் சில மாறுதல்கள் செய்யலாம்:

• கண்ணாடி முன்னால் ஆடியே பழகிய குழந்தைக்கு, மேடையில் அது இல்லாதபோது திக்கென்றிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடட்டும்.

• எப்போதும் முதலிலிருந்தே ஆட வேண்டாம். செல்போனில் பாட்டை நடுவிலிருந்து போட்டு, "எங்கே, இங்கேருந்து பிடி பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

• குக்கர் விசிலடிக்கட்டும், வாசலில் மணி அடிக்கட்டும், ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்று விதி வையுங்கள். சபையில் குழந்தை அழும், மைக் கீச்சிடும். இதற்கெல்லாம் அவள் வீட்டிலேயே பழகிவிடுவாள்.

• பாட்டைப் பாடக் கற்றுக்கொள்ளட்டும். பாலசரஸ்வதி தாமே பாடிக்கொண்டு அபிநயம் பிடிப்பதில் பேர் பெற்றவர். குழந்தை அவ்வளவு பாட வேண்டாம். வரிக்கு வரி அர்த்தம் தெரிந்து முணுமுணுக்கத் தெரிந்தால் போதும். பாட்டு மனசில் இருந்தால் கால் சுலபத்தில் மறக்காது.

• உடையும் நகையும் விழாவன்றுதான் முதல் முறை என்று இருக்கவே கூடாது. விசிறி மடிப்பு காலைத் தடுக்கிறதா, ஒட்டியாணம் இறுக்குகிறதா, ஜடை கனக்கிறதா என்பதெல்லாம் ஆடிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு முறையாவது முழு அலங்காரத்தோடு வீட்டில் ஆடட்டும். காதுமாட்டலும் நெற்றிச்சுட்டியும் நழுவாதபடி கட்டுவதற்கும் உங்களுக்கு ஒத்திகை வேண்டும். 'ஏதாவது அவிழ்ந்து விழுந்துவிடுமோ' என்ற நினைப்பு இருந்தால் முகத்தில் பாவம் எங்கிருந்து வரும்?

கண் எங்கே போக வேண்டும்?

மேடையில் விளக்கு கண்ணைக் கூசும். எதிரே சபை இருட்டாக இருக்கும். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் குழந்தை தரையைப் பார்க்கிறாள். நிருத்தம் ஆடும்போது கடைசி வரிசைக்குச் சற்று மேலே பார்வை போனால் போதும். முகவாய் தானாக நிமிரும். பார்க்கிறவர்களுக்கு அதுவே கம்பீரமாகத் தெரியும். அரங்கத்துக்கு முன்கூட்டியே அழைத்துப் போய், மேடையில் நிற்கவைத்து அந்த இடத்தைக் காட்டுங்கள்.

அபிநயத்துக்கு வழி வேறு. கை போகிற இடத்துக்குக் கண்ணும் போக வேண்டும் என்பது 'அபிநய தர்ப்பணம்' வகுத்த முறை. யசோதையாக ஆடுகிறாள் என்றால், கண்ணன் எங்கே நிற்கிறான்? எவ்வளவு உயரம்? இடுப்பளவா, முழங்காலளவா? வெண்ணெய்ச் சட்டி எந்தப் பக்கம் இருக்கிறது? ராத்திரி படுக்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள். "இந்தத் தூண்கிட்டதாம்மா நிக்கிறான், வாயெல்லாம் வெண்ணெய்" என்று சொல்லிவிட்டாளானால் கவலை விட்டது. 'நான் எப்படி இருக்கிறேன், எல்லோரும் என்ன நினைக்கிறார்கள்' என்ற எண்ணம்தான் கூச்சத்துக்கு வேர். கண்ணனைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த எண்ணத்துக்கு ஏது நேரம்?

மறந்துவிட்டால்?

எல்லாப் பயத்துக்கும் பெரிய பயம் இதுதான். மறந்துதான் போகும், எல்லோருக்கும் ஒரு நாள் மறக்கும். மறந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவளுக்குக் கலக்கம் குறைவு. நின்று போகக் கூடாது. அரைமண்டியில் உட்கார்ந்து, தாளத்துக்குச் சரியாகத் தட்டிக்கொண்டே காதை நட்டுவாங்கத்தில் வைக்க வேண்டும். நட்டுவனாரின் ஜதியும் தாளமும் அடுத்த அடவு தொடங்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். அபிநயப் பகுதி என்றால் இன்னும் சௌகரியம். பாடுகிறவர் ஒரே வரியைப் பல முறை திருப்பிப் பாடுவார்; அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். உதட்டைக் கடிப்பதும், நாக்கை நீட்டுவதும், டீச்சரைத் திரும்பிப் பார்ப்பதும்தான் தவறைக் காட்டிக்கொடுக்கும். சாதகத்திலேயே வேண்டுமென்று நடுவில் மறந்த மாதிரி வைத்து, மறுபடி சேருவதை ஒரு விளையாட்டாகப் பழக்குங்கள்.

உடம்பையும் பாருங்கள்

சில பெண்களிடம் நாம் கூச்சம் என்று நினைப்பது உண்மையில் களைப்பு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, வர்ணத்தின் பாதியிலேயே கால் துவளுகிறது என்றால், "தைரியம் இல்லை" என்று திட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் எல்லாம் நல்லவை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்றும் கூடச் சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம்.

நிகழ்ச்சியன்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ, கொஞ்சம் தயிர் சாதமோ கொடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், வாய் நனைய அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். முதல் நாள் ராத்திரி நல்ல தூக்கம். முழங்காலிலோ, கணுக்காலிலோ வலி என்றால் மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள். சிமெண்ட் தரையில் நாள் முழுக்கத் தட்டுவது மூட்டுக்கு ஆகாது.

தாயாருக்குச் சில வார்த்தைகள்

பாலசரஸ்வதி 1925-இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேறினார். தாயார் ஜெயம்மாள் நல்ல பாடகி. பிற்காலத்தில் மகள் ஆடப் பல மேடைகளில் பாடியவர். பழகிய குரல் பக்கத்தில் இருப்பது எத்தனை பெரிய பலம்! நாமெல்லாம் ஜெயம்மாளைப் போலப் பாட முடியாது. ஆனாலும் குழந்தை நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிரீன் ரூமில் நாம் பதறினால் அவளும் பதறுவாள். 'பவுடர் எங்கே, ஊக்கு எங்கே' என்று அலைவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். ஒரு பெட்டியில் ஊசி நூல், ஊக்கு, உபரி சலங்கைக் கயிறு, பொட்டு எல்லாம் தயாராக இருக்கட்டும்.

மேடைப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஜாடை காட்டாதீர்கள். இன்னொரு குழந்தையின் பேரைச் சொல்லி ஒப்பிடாதீர்கள். இறங்கி வந்தவுடன், "மூணாவது ஜதியில ஏன் தப்பு விட்டே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அன்று ராத்திரி, "நீ வெண்ணெய் திருடின இடத்துல பாட்டி எப்படிச் சிரிச்சா தெரியுமா?" என்று அவள் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். தப்புகளை இரண்டு நாள் கழித்து டீச்சர் சொல்லித் திருத்தட்டும்.

இன்னொன்று அரங்கேற்றம். இன்று அது கல்யாணத்துக்கு நிகராக மண்டபம், பத்திரிகை, விருந்து என்று போகிறது. 'இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம், மானத்தை வாங்கிடாதே' என்ற வார்த்தை ஒரு பெண்ணின் காலைக் கட்டிப் போடப் போதும். சின்ன மேடைகள் பத்து கண்ட பிறகு, டீச்சர் சரி என்று சொன்ன பிறகு, உங்கள் சக்திக்கு உட்பட்டுச் செய்தால் போதும். ஆட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

உங்களுக்கும் ஆசை இருந்தால்

கல்யாணத்தோடு சலங்கையைக் கழற்றி வைத்த சகோதரிகளும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935-இல் அடையாறில் பிரம்மஞான சங்கத்தின் வைர விழாவில் முதன்முதலாக மேடையேறியபோது வயது 31. மறு வருஷமே கலாக்ஷேத்ராவாக வளர்ந்த கலைக்கூடத்தைத் தொடங்கினார். பிரசவம் ஆகியிருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முதலில் நடை, பிறகு மெதுவான அடவுகள் என்று ஆரம்பியுங்கள். குதித்து ஆடுவதற்குக் குறைந்தது மூன்று மாதமாவது போகட்டும். சிசேரியன் என்றால் டாக்டர் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, வீட்டில் இருக்கிற நாலு பேரை உட்கார வையுங்கள். மகள் ஓர் அலாரிப்பு ஆடட்டும். முடிந்ததும் எல்லோரும் கை தட்டுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தாவது ஆளாகப் பக்கத்து வீட்டு மாமியையும் கூப்பிடுங்கள்.