டோனட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

கிராஞ்சி பக்கத்து டார்மிட்டரிகளில் இருக்கும் எங்களில் பலர் டோனட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பழகவில்லை. ஸ்டார்பக்ஸ் கடைகளில் அன்றைக்கு விற்காமல் மிஞ்சும் உணவைச் சேகரித்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் தொண்டர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வழக்கறிஞர் தீபா சுவாமிநாதன் தொடங்கிய ‘இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ்’ அமைப்பினர் அவர்கள். மழையில் நனைந்தபடி வேலை செய்தவர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்ததில் ஆரம்பித்த வேலை அது. அப்படி வந்த ஒரு பெட்டியைத் திறந்ததும் என் அறையில் இருக்கும் அறந்தாங்கித் தம்பி, “அண்ணே, நம்ம உளுந்தவடையில சீனி போட்டுட்டாங்க” என்றான்.

அவன் சொன்னதில் பாதி சரி. மாவு வேறு. டோனட்டுக்கு மைதா, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைப்பார்கள். வடைக்கு உளுந்து, தண்ணீரை அளவாகத் தெளித்து அரைக்க அரைக்க உள்ளே காற்று ஏறும், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி போட்டால் மிதக்க வேண்டும். ஆனால் ஓட்டைக்குக் காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். தடித்த மாவு எண்ணெயில் விழுந்தால் வெளிப்புறம் சிவந்த பிறகும் நடு வேகாமல் நிற்கும். நடுவையே எடுத்துவிட்டால் சூடு இரண்டு பக்கமிருந்தும் போகும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கப்பல்காரர் ஹான்சன் கிரகரி, 1847இல் தான்தான் இதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். நம் ஊரில் ஈரக்கையால் கட்டைவிரலை அழுத்தி ஓட்டை போட்ட அம்மாக்கள் யாரும் அப்படிப் பெயர் பதிந்துகொள்ளவில்லை.

அமெரிக்காவில் ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை டோனட் தினம். அன்று பெரிய கடைகள் இலவசமாக டோனட் கொடுக்கும். சின்னக் கடைக்காரர்கள் இதோடு நிற்பதில்லை. செவிலியர் தினம், ஆசிரியர் தினம், அலுவலக உதவியாளர் தினம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி கட்டுவார்கள். வேர்க்கடலை வெண்ணெய்க்குக்கூட அங்கே ஒரு நாள் உண்டு. ‘தேசிய’ என்று பெயர் இருந்தாலும் இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை அரசு அறிவிக்கவில்லை. வடக்கு டகோட்டாவில் 2013இல் தொடங்கிய ஒரு நிறுவனம் இந்த நாட்களைப் பட்டியல் போடுவதையே தொழிலாகச் செய்கிறது. வியாபார உத்திதான் என்று நானும் ஒதுக்கியிருப்பேன், டோனட் தினம் எங்கிருந்து வந்தது என்று படித்திராவிட்டால்.

முதல் உலகப்போர், 1917. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் தொண்டர்களாகப் பிரான்சுக்குப் போன பெண்களில் ஹெலன் பர்வியன்ஸ், மார்கரெட் ஷெல்டன் என்று இருவர். விடாத மழை. வீட்டு நினைவில் சோர்ந்துபோன பையன்களுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். கையில் இருந்தது மாவு, சர்க்கரை, கொழுப்பு, டின் பால். சப்பாத்திக்கட்டை இல்லாமல் பாட்டிலை உருட்டி மாவைத் தேய்த்தார்கள். சின்ன வாணலியில் ஒரு ஈட்டுக்கு ஏழுதான் விழும். முதல் நாள் 150 போட்டதாகச் சொல்கிறார்கள். சிப்பாய்கள் மழையிலேயே வரிசை நின்றார்கள். 1938இல் சிகாகோவில், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் ஏழைகளுக்கு நிதி திரட்டவும் அந்தப் பெண்களைப் போற்றவும் இரட்சணிய சேனை டோனட் தினத்தைத் தொடங்கியது. அடுப்படியில் நின்றவர்களுக்காக வைத்த நாள் அது. இன்றைய இலவச டோனட்டில் அந்தப் பெண்களின் பெயர் தொலைந்துபோனது எனக்கு வருத்தம்தான்.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. மார்ச் 30 உலக இட்லி தினம். 2015இல் சென்னை ‘மல்லிப்பூ இட்லி’ இனியவன் தொடங்கியது. கோவையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். இட்லி சுட்டு விற்கும் ஓர் அம்மாவுக்குத் தினமும் சவாரி போய்ப் போய் இட்லியைத் தொழிலாகக் கற்றவர். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் செய்தார். அந்தத் தினத்தின் வேரிலும் ஒரு பெண்ணின் இட்லிப் பானை இருக்கிறது.

தேநீர் தினத்துக்கு இரண்டு தேதி. தேயிலை விளையும் நாடுகளில் தொழிற்சங்கங்களும் சிறு விவசாயிகளும் முன்னெடுத்து 2005 முதல் அனுசரித்தது டிசம்பர் 15. ஐ.நா. 2019இல் அறிவித்தது மே 21. என்னைக் கேட்டால் டிசம்பர் 15 என்பேன். கொழுந்து பறிப்பவரின் கூலியைப் பேசிய நாள் அது. மூன்று நாள் தள்ளி, டிசம்பர் 18, புலம்பெயர்ந்தோர் தினம், எங்கள் நாள்.

கிராஞ்சிக்கே உரிய ஒரு நாளும் உண்டு. இங்குள்ள போர் நினைவிடத்துச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள்; அவர்களில் இந்தியப் படையினர் ஏராளம். ஏப்ரல் 25 விடியலில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக்காரர்கள் இங்கே கூடி, தங்கள் போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்தை அனுசரிக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே ஒரு பிஸ்கட் உண்டு: ஓட்ஸ், சர்க்கரைப்பாகு, வெண்ணெய், முட்டை கிடையாது, அதனால் நாள்பட இருக்கும். வீட்டை விட்டுத் தூரம் போனவனுக்குக் கெட்டுப்போகாத தின்பண்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஏனென்றால் நாங்கள் கேட்டரிங் சாப்பாட்டுக்காரர்கள். காலைப் பொட்டலமும் மதியப் பொட்டலமும் ஒன்றாகவே விடியுமுன் வந்துவிடும். லாரி ஏறி, சைட்டில் ஓரமாக வைத்து, பன்னிரண்டு மணிக்குப் பிரிப்போம். சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லிப் பொட்டலத்தில் நேரம் குறிப்பது இங்கே முறை. எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் கணக்கு உதைக்கும். சாம்பார் புளித்திருந்தால் திட்டுவது சமைத்தவரைத்தான். அவரோ நள்ளிரவில் அடுப்பு மூட்டி, ஆயிரம் பேருக்கு உலை வைத்து, நாங்கள் எழும் நேரத்தில் தூங்கப் போகிறவர். அவரும் ஊரில் குடும்பத்தை விட்டு வந்தவர்தான். புளித்ததற்குக் காரணம் அவர் கை அல்ல, சமைக்கும் நேரத்துக்கும் சாப்பிடும் நேரத்துக்கும் இடையிலுள்ள தூரம். அதைச் சுருக்க வேண்டியது முதலாளிகள். மதியச் சோற்றைத் தனியாக, சூடாக, இன்னொரு நடை கொண்டுவர வேண்டும்.

சாப்பாட்டு வேன் ஓட்டிவரும் அண்ணனிடம், “உங்க கிச்சன்ல எத்தனை பேருண்ணே?” என்று கேட்டேன். “எதுக்குப்பா, கம்ப்ளெயிண்டா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். வரும் ஜூன் முதல் வெள்ளிக்கு எங்கள் அறையில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, சமைப்பவர்களுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பப் போகிறோம். வேன் நாலரைக்கே வந்துவிடுவதால் வியாழன் இரவே வாங்கி வைத்தாக வேண்டும். தேக்காச் சந்தையில் வடை வாங்கலாம் என்கிறான் தம்பி. ராத்திரி முழுக்க நமக்கு வடை போடுகிறவர்களுக்கு வடையையே கொடுப்பதா, டோனட்தான் என்று நான் சொல்லியிருக்கிறேன்.