மரம் விட்டு மரம் தாவும் சாம்பல் மலை அணில்

வேலம்பாளையத்து வேப்பமரங்களில் ஓடும் மூன்று வரி அணிலை எல்லோருக்கும் தெரியும். இதே திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலைக்கு அப்பால் அமராவதி வனப்பகுதியில், வாலோடு சேர்த்து இரண்டடிக்கும் குறையாத அணில் ஒன்று வாழ்வது பலருக்குத் தெரியாது. அதுதான் சாம்பல் மலை அணில். அறிவியல் பெயர் ரட்டுஃபா மேக்ரூரா. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது இல்லை.

டாப்சிலிப் பக்கம் காணப்படும் செம்பழுப்பு மலை அணிலுக்கு இது நெருங்கிய உறவு. உருவில் சற்றுச் சிறியது. எடை ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். மயிர்களின் நுனி வெளுத்திருப்பதால் உடம்பும் வாலும் நரைத்துத் தெரியும். சாப்பிடும் விதம் அலாதியானது. பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும்; முன்னங்கால்கள் இரண்டாலும் காயைப் பிடித்து உருட்டி உருட்டிக் கொறிக்கும். கிளைக்கு மறுபுறம் தொங்கும் நீண்ட வால் உடலின் எடையைச் சமன்செய்யும்.

அமராவதியும் அதையொட்டிய கேரளத்துச் சின்னாறும் மழைமறைவுப் பகுதிகள். பெரும்பாலும் முள்காடுதான். ஆனால் ஆற்றோரங்களில் நீர்மருதும் புங்கனும் நாவலும் ஓங்கி வளர்ந்து கிளை கோத்து நிற்கும். அந்தப் பசுமையான கரையோரமே இந்த அணிலின் உலகம். பக்கத்து மரங்களின் கிளைகள் சந்திக்கும் இடமாகப் பார்த்து, இலையும் சுள்ளியும் வைத்து உருண்டையாகக் கூடு கட்டும். கழுகு வந்தால் எந்தப் பக்கமும் தாவித் தப்பிக்க அதுவே வசதி. தரையில் இறங்குவது அரிது. பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை நீண்டுகொண்டே போகும் அல்லவா? கரையில் ஒரு மரம் விழுந்தாலும் இதன் பாதை அப்படித்தான் அறுபடுகிறது.

இந்த அணிலுக்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இந்த அணில் இடம்பெற்றுள்ளது.

சட்டம் வேட்டையைத் தடுக்கும். கிளைகளைக் கோத்துத் தராது. அதற்கு ஆற்றோர மரங்கள் நிற்க வேண்டும். உடுமலை–மூணாறு சாலையில் போகிறவர்கள் ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். தின்பண்டம் எதையும் வீசாதீர்கள். கரையோர மரத்தில் யாரும் கைவைப்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.