மூணு சிவப்பு அம்பு போட்டும் மெயில் வரலை

இந்த வாரம் ஆட்டோமேஷன் பத்திப் பேசும்போது, "அம்பு போட்டு மாட்டிக்கிட்ட கதையை நியூஸ்லெட்டர்ல எழுதுறேன்"னு சொன்னேன் இல்லையா? அதுதான் இது.

ஒரு கிளையன்ட்டுக்கு அஷ்யூர் டேட்டா ஃபேக்டரியில தினமும் ராத்திரி ஓடுற பைப்லைன் ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். மூணே ஸ்டெப். ஆர்டர் ஃபைலை எடுக்கணும், சுத்தம் பண்ணணும், ரிப்போர்ட் டேட்டாபேஸ்ல ஏத்தணும். எது உடைஞ்சாலும் எனக்கு மெயில் வரணும்.

ஸ்டெப்புகளை இணைக்கிற அம்பு நாலு வகை:

பச்சை: முந்தின ஸ்டெப் ஜெயிச்சா அடுத்தது ஓடும்.
சிவப்பு: முந்தினது ஃபெயில் ஆனா ஓடும்.
நீலம்: ஜெயிச்சாலும் தோத்தாலும், முடிஞ்சா போதும்.
சாம்பல்: முந்தினது ஓடாமலே ஸ்கிப் ஆனா ஓடும்.

நான் மூணு ஸ்டெப்புல இருந்தும் மெயிலுக்கு ஆளுக்கொரு சிவப்பு அம்பு இழுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் ஸ்டெப்பே ஃபெயில். சனி, ஞாயிறும் அதே கதை. ஒரு மெயில்கூட வரலை. திங்கள் காலையில கிளையன்ட் பழைய கணக்கைப் பார்த்து சரக்கு ஆர்டர் பண்ணிட்டாங்க. என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டிய மாசம் வேற!

ஏன் இப்படி? "ட்ரெயினை விட்டுட்டா, பஸ் வரலைன்னா, டாக்ஸி கிடைக்கலைன்னா போன் பண்ணு"ன்னு அம்மா சொன்னா, ஏதாவது ஒண்ணு நடந்தாலே பண்ணுவோம். டேட்டா ஃபேக்டரி அப்படி இல்லை. வேற வேற ஸ்டெப்புல இருந்து ஒரே இடத்துக்கு வர்ற அம்புகளை 'இதுவும், அதுவும்'னுதான் படிக்கும். மூணும் ஃபெயில் ஆகணும். ஆனா முதல் ஸ்டெப் விழுந்தா மத்த ரெண்டும் ஸ்கிப் ஆயிடும், ஃபெயில் ஆகாது. அதனால அந்த மெயில் எந்த ஜென்மத்துலயும் போகாது.

சரி பண்றது சுலபம். கடைசி ஸ்டெப்புல இருந்து மட்டும் மெயிலுக்கு சிவப்பும் சாம்பலும் சேர்த்துப் போடுங்க. ஒரே ஸ்டெப்புல இருந்து வர்ற ரெண்டு நிபந்தனையை 'இது அல்லது அது'ன்னு எடுத்துக்கும். கடைசி ஸ்டெப் தானே விழுந்தாலும் மெயில் போகும், முன்னாடி எது விழுந்து இது ஸ்கிப் ஆனாலும் போகும்.

இதுல இன்னொரு பொறி இருக்கு. பைப்லைன் ஜெயிச்சதா தோத்ததான்னு கிளையோட நுனியில இருக்கிற ஸ்டெப்பை வெச்சுத்தான் முடிவாகும். மெயில் ஒழுங்கா போயிட்டா மொத்த ஓட்டத்துக்கும் 'சக்சஸ்'னு பச்சை டிக் விழுந்துடும்! அதனால மெயிலுக்குப் பின்னாடி 'ஃபெயில்' ஆக்டிவிட்டி ஒண்ணு வைங்க. அப்பதான் மானிட்டர் பக்கமும் உண்மையைச் சொல்லும்.

எல்லாத்தையும் விட முக்கியம்: கிளையன்ட்டுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டெப்பையும் வேணும்னே ஒரு தடவை உடைச்சுப் பாருங்க. ஃபைல் பேரைத் தப்பா கொடுத்தாலே போதும். நான் அன்னைக்கு அந்தப் பத்து நிமிஷம் செலவழிக்கலை.

கான்ட்ராக்ட் தப்பிச்சது. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!