உணவும் உள்ளமும்

நோய் என்றவுடன் காய்ச்சல், இருமல், புண், கட்டி என்று கண்ணுக்குத் தெரிவனவே நம் நினைவுக்கு வருகின்றன. உண்ண மறுக்கும் ஒருவனை நாம் நோயாளி என்று கூறுவதில்லை, பிடிவாதக்காரன் என்கிறோம். அளவு மீறி உண்பவனைத் தீனிப்பண்டாரம் என்று நகைக்கிறோம். பெண்ணொருத்தி பட்டினி கிடந்தால், மெலிந்த இடைக்கு ஆசைப்படுகிறாள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மருத்துவ நூலாரோ இவர்களுள் சிலரை நோயாளிகள் என்றே கொள்கின்றனர். அந்நோய்க்கு உண்ணல் கோளாறு என்பது பெயர். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக உள்ளவற்றில் இஃது ஒன்று என்றால் நம்மில் பலர் வியப்படைவர்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்று உலகையே வீட்டுக்குள் அடைத்து வைத்தபோது, இக்கோளாறு இளையோரிடையே பெருகியதாகப் பல நாடுகளிலிருந்து செய்தி வந்தது. அந்நாள்களைக் கொல்கத்தாவின் கிடர்பூரில், ஒரு சிறு வாடகை அறையில் கழித்த தமிழ் மாணவருள் நானும் ஒருவன். இன்று உடலியங்கியல் முதுகலை பயிலும் நிலையில், அன்று கண்டதையும் பின்பு படித்ததையும் சேர்த்து எண்ணும்போது, நம் மன்றத் தோழர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு என்று தோன்றுகிறது. பெருந்தொற்று இந்நோயைப் புதிதாகப் படைக்கவில்லை. இந்நோய் ஒளிந்து வாழ இடம் கொடுத்தது. எனவே இதை வெல்லும் முயற்சியும் அந்த ஒளிவிடத்தை அகற்றுவதில் தொடங்கவேண்டும்.

நோயின் மூன்று முகங்கள்

முதலாவது, அனோரெக்சியா நெர்வோசா என்பது. 1689இல் ரிச்சர்டு மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், உண்ணாமல் உடல் உருகிய இரு இளையோரைப் பற்றி எழுதினார். ஒருத்தி பதினெட்டு வயதை ஒட்டிய பெண். மற்றவன் பதினாறு வயதுச் சிறுவன். இந்நோய் பெண்களுக்கே உரியது என்னும் எண்ணம் தவறு என்பதற்கு அப்பழைய ஏட்டிலேயே சான்று இருக்கிறது. 1873இல் இலண்டனில் வில்லியம் கல்லும், பாரிசில் சார்லஸ் லாசேகும் இதனை விளக்கினர். இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர் கல். 'நரம்பு சார்ந்த பசியின்மை' என்பது அதன் பொருள். பெயர் சற்றுப் பொருந்தாததே. நோயாளிக்குப் பசி உண்டு. அதை அடக்குவதிலேயே அவர் நாள் முழுதும் கழிகிறது. எலும்பு தெரிய இளைத்த பின்னும் தம் உடல் பருத்திருப்பதாகவே அவர் நம்புவார்.

இரண்டாவது, புலிமியா. 1979இல் இலண்டன் மருத்துவர் ஜெரால்டு ரசல் இதனைத் தனி நோயாக எடுத்துக் காட்டினார். சிறு பொழுதில் பேரளவு உணவை உண்பதும், உடனே வெட்கமும் அச்சமும் மேலிட அதனை வெளியேற்ற முயல்வதும் இதன் இயல்பு. உடல் எடை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆதலின் பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்கும் இது தெரியாது. ஓயாத வாந்தியால் பல்லின் மேற்பூச்சு கரையும். குருதியில் பொட்டாசியம் குறையும். அது குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். வெளித்தோற்றத்தில் நலமாக இருக்கும் இளைஞர் திடீரென்று உயிரிழப்பதும் இதனால் நேரக்கூடும்.

மூன்றாவது, மிகையுண்ணல். உண்ணத் தொடங்கினால் நிறுத்த இயலாமை, பிறர் காணாதவாறு உண்ணல், உண்டபின் தம்மையே வெறுத்தல் ஆகியன இதன் குறிகள். ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்னும் அமெரிக்க மருத்துவர் 1959இலேயே இதனைக் குறித்தார். ஆயினும் அந்நாட்டு மனநல மருத்துவர் கழகம் இதைத் தனி நோயாக ஏற்றது 2013இல்தான்.

புலிமியா என்பது கிரேக்கச் சொல். எருதுப் பசி என்று பொருள்படும். நம் மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் நோயால் வருந்துகிறாள். எவ்வளவு உண்டாலும் அவள் பசி அடங்குவதில்லை. கிரேக்கர் எருதைச் சொன்னார். நம்மவர் யானையைச் சொன்னார். காயசண்டிகையின் துன்பம் முனிவரின் சாபத்தால் வந்தது என்பது கதை. அதுவே இன்றைய புலிமியா என்று நான் கூற வரவில்லை. ஆனால் நம் புலவர் அவளைப் பெருந்தீனிக்காரி என்று இகழாமல், நோயுற்றவள் என்று இரங்கினார். அந்தப் பண்பு நமக்கு இன்றும் வேண்டும்.

பசியே மனத்தைக் கெடுக்கும்

'உண்ணாதவனை உண்ணச் சொன்னால் போயிற்று. இதில் மருத்துவம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். இவ்வினாவுக்கு விடை தரும் ஆய்வு ஒன்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடந்தது. 1943இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. கொல்கத்தாத் தெருக்களில் மக்கள் சோற்றுக் கஞ்சிக்குக் கையேந்தி மாண்டனர். ஐரோப்பாவிலும் பட்டினி பரவியது. பட்டினியால் நலிந்தோரை மீட்கும் முறையை அறிய, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் ஆய்வைத் தொடங்கினார். படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர் தாமே அதற்கு முன்வந்தனர். உடலாலும் உள்ளத்தாலும் திடமானவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். 24 வாரம், வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே அவர்களுக்கு அளிக்கப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது.

எடை குறையும் என்பது எவரும் எதிர்பார்த்ததே. மனத்தில் நேர்ந்த மாற்றந்தான் ஆய்வாளரைத் திகைக்கச் செய்தது. இளைஞர்கள் இரவும் பகலும் உணவையே நினைத்தனர். சமையல் நூல்களைத் திரட்டி வாசித்தனர். ஒரு தட்டு உணவை நெடுநேரம் பிசைந்து பிசைந்து உண்டனர். தோழரை விட்டு விலகினர், சிடுசிடுத்தனர், சோர்ந்தனர். இயல்பான உடல் கொண்ட பிறர் அவர்கள் கண்ணுக்குப் பருத்தவராகத் தோன்றினர். உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபின், சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த இயலாமல் உண்டனர்.

இவர்கள் எவரும் மெலிவை விரும்பியவர் அல்லர். ஆயினும் உண்ணல் கோளாற்றின் குறிகள் பல அவர்களிடம் தோன்றின. இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? முதலில் மனம் பட்டினியைத் தொடங்கினாலும் சரி, வறுமை தொடங்கினாலும் சரி, சில வாரங்களுக்குப் பின் பட்டினியே மனத்தை ஆளத் தொடங்குகிறது. அந்நிலையில் உள்ளவரிடம் 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று சொல்வது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஊரடங்கு செய்தது என்ன?

மேற்கு வங்கத்தில் கல்லூரிகள் 2020 மார்ச்சு 16 முதல் மூடப்பட்டன. மார்ச்சு 25இல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. மீண்டும் கல்லூரிக் கதவுகள் திறந்தது 2021 நவம்பர் 16இல். இடையில் ஏறத்தாழ இருபது மாதம். இக்காலத்தில் மாணவர் இழந்தவற்றுள் வகுப்பும் ஆய்வுக்கூடமும் பெரியவை என்று பலரும் எழுதிவிட்டனர். மெஸ்ஸில் இருந்த நீண்ட பலகையை எவரும் நினைக்கவில்லை. அந்தப் பலகையில் பத்துப் பேர் வரிசையாக அமர்ந்து உண்ணும்போது, ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் கேள்வி எழும். தட்டில் சோறு மீந்தால் பரிமாறுபவர் கேட்பார். யாரும் யாரையும் கண்காணிக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தனர். மெஸ் மூடியபோது அந்தப் பார்வை மறைந்தது.

வீட்டிலிருந்து தொலைபேசி வரும். "சாப்பிட்டாயா, கண்ணு?" என்று அம்மா கேட்பார். "ஆச்சு, அம்மா" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடும். அச்சொல் மெய்யா பொய்யா என்பதை ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் எவ்வாறு அறிவார்?

வேறு காரணங்களும் சேர்ந்தன. விழிக்கும் நேரமும் உறங்கும் நேரமும் குலைந்தன. இணைய வகுப்பில் நாள்தோறும் பல மணி நேரம் தம் முகத்தையே திரையில் பார்க்க நேர்ந்தது. வீட்டில் அடைபட்டால் உடல் பெருக்கும் என்ற அச்சத்தைக் கைப்பேசி ஓயாமல் ஊட்டியது. தொற்று வந்து மணமும் சுவையும் இழந்தவர்க்கு உணவே வெறுத்தது. 2020 மே 20இல் ஆம்பன் புயல் தாக்கியபின் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் நீரும் இல்லை. அடுப்பு மூட்டுவதே பெரும்பாடாயிற்று. மருத்துவமனைகள் பலவும் கொரோனாவுக்கென ஒதுக்கப்பட்டமையால், மனநலம் நாடிச் செல்வோர்க்கு வாயில்கள் குறுகின.

எங்கள் சந்தில் தங்கியிருந்த தமிழ் மாணவர் ஒருவரின் தந்தைக்குத் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை. ஆலை மூடியதும் பணம் வருவது நின்றது. மாணவர் காலை உணவை நிறுத்தினார். பின்பு இரவு உணவையும் நிறுத்தினார். சிக்கனம் என்று நாங்கள் எண்ணினோம். அப்போது அது சிக்கனமே. சில மாதம் கழித்து ஆலை திறந்தது, பணமும் வந்தது. ஆனால் அவரால் உண்ண இயலவில்லை. ஒரு கவளம் கூடினாலும் குற்றம் செய்தவர்போல் நடுங்கினார். வறுமை தொடங்கிய பட்டினியை நோய் தன் கையில் எடுத்துக்கொண்டது. மருத்துவரின் துணையால் இன்று அவர் நலமாக இருக்கிறார். அதற்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

நோன்பு வேறு, நோய் வேறு

2020இல் ரமலான் நோன்பு ஊரடங்கின் நடுவே வந்தது. கிடர்பூரில் இசுலாமியக் குடும்பங்கள் மிகுதி. பகல் முழுதும் உண்ணாதிருந்த குடும்பங்கள் பொழுது சாய்ந்ததும் பேரீச்சம்பழத்துடன் நோன்பு திறந்தன. அண்டை வீட்டுக்கும் தட்டு போயிற்று. நம் வீட்டு ஏகாதசியும் கார்த்திகை விரதமும் அத்தகையனவே. நோன்புக்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. முடிவில் உறவோடு உண்ணும் மகிழ்ச்சி உண்டு. நோய்க்கு முடிவு நேரம் இல்லை. அது தனிமையை நாடும், கேட்டால் மறைக்கும். 'விரதம்' என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் தோழரிடம் இவ்வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

நம்மிடையே இல்லையா?

இது மேனாட்டுச் செல்வர் வீட்டு நோய் என்பார் உளர். 1995இல் வெளியான ஆய்வொன்றில், சென்னை மருத்துவ மாணவர் 210 பேரை ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஏழில் ஒருவரிடம், முழு நோயாக முதிராத உண்ணல் துன்பம் காணப்பட்டது. கைப்பேசியும் படம் பகிரும் பழக்கமும் இல்லாத காலம் அது. பெருந்தொற்றுக்குப் பின் வந்த கணக்குகள் மேலும் கவலை தருகின்றன. அமெரிக்க மருத்துவப் பதிவுகளின்படி, முப்பது வயதுக்குட்பட்டோரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட அளவு 2020இல் முந்தைய ஆண்டுகளைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்தது. பன்னிரண்டு முதல் பதினேழு வயதுப் பெண்களில், இதற்காக அவசர மருத்துவம் நாடியோர் பங்கு இரட்டித்ததாக 2022 பிப்ரவரியில் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது.

அறிவதும் உதவுவதும்

1999இல் பிரித்தானிய மருத்துவர்கள் ஐந்து எளிய வினாக்களை வகுத்தனர். வயிறு நிறைந்த துன்பத்தால் வாந்தியை வரவழைக்கிறீர்களா? உண்ணும் அளவு கைமீறிப் போயிற்று என்ற கவலை உண்டா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தீர்களா? பிறர் ஒல்லி என்றாலும் பருமன் என்றே எண்ணுகிறீர்களா? உணவு பற்றிய நினைவே வாழ்வை ஆள்கிறதா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரைக் காண்பது நலம். இவ்வினாக்கள் நோயை முடிவு செய்வன அல்ல, கதவைத் தட்டுவன.

மருத்துவரிடம் செல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நெடும்பட்டினி கிடந்தவர் திடீரென நிறைய உண்டால், குருதியிலுள்ள பாசுபேட்டு உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டுக் குறைந்துவிடும். இதயம் தளரும், உயிருக்கே கேடு வரும். ஆகவே அன்பு மிகுதியால் ஒரேயடியாக ஊட்டலாகாது. நாடி, எடை, குருதி ஆகியவற்றைச் சோதித்து, படிப்படியாக உணவைக் கூட்டவேண்டும். நேரந்தவறா உணவும், எண்ணங்களைத் திருத்தும் உளமருத்துவமும், குடும்பத்தாரின் துணையும் சேர்ந்தால் பெரும்பாலோர் நலம் பெறுவர். கிடர்பூரிலிருந்து சிறிது தொலைவில், டி.எல்.கான் சாலையில், அரசின் மனநல மருத்துவ நிலையம் இருக்கிறது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவிக்கு எண் 14416; கட்டணம் இல்லை.

தோழர்களாகிய நாம் செய்யத்தக்கது என்ன? கல்லூரி திறந்த நாளில் நம்மவர் ஒருவரையொருவர் கண்டதும் கூறிய முதற்சொல் 'இளைத்துவிட்டாயே' என்பது. அல்லது 'பெருத்துவிட்டாயே' என்பது. அன்பால் சொன்னதுதான்; ஆயினும் நோயுள்ள நெஞ்சில் அது முள்ளாகத் தைக்கும். உடலைப் பற்றிய பேச்சை விடுவோம். 'சாப்பிட்டாயா?' என்று கேட்பது தமிழர் வழக்கம். வங்காளியரும் அவ்வாறே கேட்கின்றனர். நல்ல கேள்விதான், ஆனால் ஒரு சொல்லில் மறைத்துவிடக்கூடிய கேள்வி. அதற்குப் பதில் 'வா, சாப்பிடலாம்' என்று அழைப்போம். வற்புறுத்தாமல், தட்டை எண்ணாமல், பக்கத்தில் அமர்ந்து உண்போம். அப்படியும் உண்ண இயலாதவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

நம் மன்றம் ஆண்டுதோறும் பொங்கல் வைக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. வாரம் ஒரு நாளேனும், வெளியூரிலிருந்து வந்து தனி அறையில் வாழும் மாணவர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண ஏற்பாடு செய்தால் என்ன? அரிசியும் பருப்பும் பெருஞ்செலவு ஆகா. அப்பந்தியில் யார் வரவில்லை என்பதை நாம் அறிவோம். வராதவரின் அறைக்கு ஒருவர் நடந்து செல்லலாம்.