இறங்கி ஏறும் புள்ளி

வீடு திருவள்ளூர், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட். மாவட்டம் ஒன்றுதான், ஆனால் லோக்கல் ரயிலில் சென்னை பேசின் பிரிட்ஜ் வரை வந்து, மாறித்தான் வடக்கே போகிறேன்.

நிலையங்களைப் புள்ளியாக, பாதைகளைக் கோடாக வரைந்தால் கோட்டுரு. 1736இல் ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் பாலங்களை வைத்துத் தொடங்கிய கணிதம். லோக்கல் ஓடும் மேற்கு, வடக்குக் கோடுகளை மட்டும் பிரித்தெடுத்தால் உட்கோட்டுரு.

அதில் பேசின் பிரிட்ஜை அழித்துப் பாருங்கள்: வண்ணாரப்பேட்டையில் மாறிக்கொள்ளலாம். வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை நான்கும் ஒரு சுற்று. வழியில் உள்ள ஆவடியை அழித்தாலோ இந்த உட்கோட்டுருவில் வழியே இல்லை, அது வெட்டுப்புள்ளி. மழைநாளில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் இந்த வேறுபாடு என் சம்பளத்தில் தெரியும்.

வியாசர்பாடியிலிருந்து கொருக்குப்பேட்டைக்கு நேர்கோடும் உண்டு. சென்ட்ரலைத் தொடாமல் பெரம்பூரிலிருந்து கூடூர் போகும் விரைவு ரயில்கள் அதில் செல்கின்றன. காலை ஷிப்டுக்கு ஒரு லோக்கலும் அதில் ஓட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.