இறுகிய எஞ்சினை இளக்கும் முறை

ஆண்டுக்கணக்காக ஓடாது, தகரக் கொட்டிலின் கீழே கிடக்கும் பழைய மோட்டார் வண்டிகளை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். 1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது அவ்வாறு ஓய்ந்தவை பல. எஞ்சின் இறுகிவிட்டதெனக் கூறி அவற்றைப் பழைய இரும்பாக விற்பது அவசர முடிவாகும்.

எஞ்சின் இறுகுவது எவ்வாறு? அது நிற்கும்போது சில வால்வுகள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. அவ்வழியே ஈரக்காற்று சிலிண்டருள் புகுகின்றது. நாளடைவில் துரு பிடித்து, பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன.

இந்நிலையில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தல் ஆகாது, வளையங்கள் முறியக்கூடும். முதலிலே பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களினூடாக டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து சிறிது ஊற்றுக. சில நாட்கள் ஊறவிட்டு, மீண்டும் ஊற்றுக. பின்னர் வண்டியை மேற் கியரில் இட்டு, கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்க. மயிரிழை அசைந்தாலும் வெற்றியே. அசையாவிடின் மேலும் சில நாட்கள் பொறுத்திருத்தல் வேண்டும்.

எஞ்சின் இலகுவாகச் சுழலத் தொடங்கியதும் பிளக்குகளை உடனே பூட்டலாகாது. கியரை நீக்கிப் பலமுறை சுழற்றி, உள்ளே தேங்கிய எண்ணெயை வெளியேற்றுக. திரவம் காற்றைப்போல் அமுங்காது; அது எஞ்சியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அடியிலுள்ள பழைய எண்ணெயையும் வடித்துப் புதிது நிரப்புக.

வாரங்கள் சென்றும் இளகாவிடின், எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றத் தேர்ந்த மெக்கானிக்கை அழைப்பதே முறை. தந்தையார் ஓட்டிய வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்புமுன், இவ்வளவு பொறுமையேனும் காட்டுவோமாக.