பாட்டு இழுக்குதா? ரெக்கார்டு சுற்றும் வேகத்தைப் பாருங்கள்

வீட்டில் தாத்தா காலத்து எல்பி ஒன்று கிடைத்தது. இணையத்தில் பழைய டர்ன்டேபிள் ஒன்றும் வாங்கியாச்சு. ஊசியை வைத்தால் பாடகியின் குரல் ஆண் குரல் மாதிரி கேட்கிறது. என்னாச்சு? ரெக்கார்டைச் சந்தேகப்படும் முன், அது சுற்றும் வேகத்தைக் கவனியுங்கள்.

வேகம் ஏன் முக்கியம்?

எல்பி நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டும். சின்ன ரெக்கார்டுகள் பலவற்றுக்கு 45 முறை. பழைய கிராமபோன் தட்டுகளுக்குச் சுமார் 78. வேகம் மாறினால் தாளத்தோடு சுருதியும் மாறிவிடும். 6 விழுக்காடு கூடினாலே, 5 கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடியதுபோல் கேட்கும்.

அமெரிக்காவில் வாங்கியது இங்கே ஏன் மெதுவாக ஓடுகிறது?

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜோகூர் பாருவானாலும் சாஆவானாலும் அதேதான். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60.

பழைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வதே இந்த ஹெர்ட்ஸ்தான். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 50-இல் ஓடினால், 33⅓ என்பது சுமார் 27.8 ஆகக் குறையும். 5 கட்டைக் குரல் 3 கட்டைக்கு இறங்கிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சரியாகிடுமா? ஆகாது. அது வோல்ட்டை மட்டுமே மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. மோட்டாரில் பெல்ட் சுற்றும் சிறு சக்கரத்தை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற வேண்டியிருக்கும். அதனால் காசு கொடுக்கும் முன் பின்பக்க லேபிளைப் படியுங்கள்.

1970களின் இறுதியில் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்றவற்றில் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துகிறது. அவற்றுக்கு இந்த ஹெர்ட்ஸ் சிக்கல் இல்லை. ஆனால் வோல்ட் பொருந்த வேண்டும்.

குரல் ஆடுகிறதா?

சராசரி வேகம் சரியாக இருந்தும் குரல் அலைபாயலாம். எல்பி ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கும். அதே இடைவெளியில் குரல் ஏறி இறங்கினால், ரெக்கார்டின் நடுத்துளை சற்று விலகியிருக்கலாம், அல்லது தட்டு வளைந்திருக்கலாம். வேறொரு ரெக்கார்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் ஆடினால் பெல்ட்டைச் சந்தேகப்படலாம். ரப்பர் பெல்ட் நாளடைவில் தொய்ந்து வழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அப்படித்தான்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

ரெக்கார்டின் நடு லேபிள் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை வையுங்கள். ஊசி பாட்டின் மேல் இருக்கட்டும். ஊசியின் உராய்வும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஃபோனில் 3 நிமிடம் வைத்து எண்ணுங்கள். சரியாக 100 சுற்று வரணும். 99 வந்தால் ஒரு விழுக்காடு மெதுவாக ஓடுகிறது.

கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டு வாங்குவதாக இருந்தால், 33⅓-க்கு 180 கோடு உள்ள 50 ஹெர்ட்ஸ் தட்டைக் கேளுங்கள். 216 கோடு உள்ளது 60 ஹெர்ட்ஸுக்கானது. மின்சாரத்தோடு சேர்ந்து சிமிட்டும் விளக்கின் கீழ் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். எல்இடி விளக்குகள் பலவற்றில் இது சரிவராது.

மெதுவாகவே ஓடுகிறதா? புது பிளேயருக்குச் செலவு செய்யும் முன், புது பெல்ட் ஒன்று போட்டுப் பாருங்கள்.